நீலத் துண்டு அண்ணனுக்கு

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் என் அம்மாவைக் காத்த அண்ணனுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

ஆனி பௌர்ணமி, பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவரின் வீதியுலா. சுவாமி நெருங்கியதும் இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழம் மழையாகக் கொட்டியது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாக இறைக்கிறார்கள். பக்திதான், ஆனாலும் கொஞ்சம் கை தளர்த்தி வீசலாம்! தள்ளுமுள்ளில் அம்மாவின் கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்க அம்மா குனிய, நான் கூட்டத்தோடு நாலடி தள்ளிப் போய்விட்டேன். நீங்கள்தான் அம்மாவுக்கு மேலே குடைபோலக் கவிந்து நின்றீர்கள். உங்கள் முதுகில் பழங்கள் 'தொப் தொப்' என்று விழுந்தது எனக்கே கேட்டது.

கண்ணாடியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தீர்கள். பிறகு மடியில் இருந்த இரண்டு பழங்களில் ஒன்றை அம்மா கையில் வைத்துவிட்டு, "வீட்டில் காத்திருக்கிறார்கள்" என்று நகர்ந்துவிட்டீர்கள். கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்ட புனிதவதியின், அதாவது காரைக்கால் அம்மையாரின், கதையை அம்மா பஸ்ஸில் ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அது எனக்கு மனப்பாடம்; இருந்தும் தடுக்கவில்லை.

பழத்தில் ஒரு பக்கம் நசுங்கிச் சாறு கசிந்திருந்தது. அதை ஐந்து துண்டாக்கி எல்லாரும் சாப்பிட்டோம். கொட்டையை அம்மா சாம்பல் தடவி ஜன்னலோரம் காயவைத்திருக்கிறார்.