பிள்ளை விஷயம் பேச சமரச மையம் இருக்கு, முதல்லயே போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடிலேருந்து எழுதுறேன், வயசு 64. கேஸ் போட்ட ரெண்டு பக்கத்தையும் ஒரு பொது ஆளு முன்னால உக்கார வச்சுப் பேசித் தீர்க்கிறதுக்குன்னு கோர்ட்டுல இருக்கிற சமரச மையத்தைப் பத்தி பேப்பர்ல அப்பப்ப சின்னதா ஒரு செய்தி வரும், நானும் அதைப் படிக்காம தாண்டிப் போனவ தான். எங்க வீட்டுக்கே தேவைப்பட்டப்ப தான் அது என்னன்னு புரிஞ்சுது.

என் மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்து வரல. யார் மேல தப்புன்னு சொல்றதுக்கு இதை எழுதல. முதல்ல எங்க பக்கத்து வழக்கப்படி ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் பங்காளிகளும் ஜமுக்காளம் விரிச்சு உக்காந்து பேசினாங்க, நாலு தடவை பேசினாங்க, நாலு தடவையும் வைரம் எத்தனை கேரட்டு, வெள்ளி எத்தனை கிலோ, சீர் சாமான் எந்த அறைல இருக்கு, சாவி யார்கிட்ட, இதுலயே பொழுது போச்சு. ஆறு வயசுப் பேத்தி வளவுல, அதான் வீட்டு முற்றத்துல, தூணைப் பிடிச்சு நின்னுக்கிட்டு அத்தனையும் கேட்டுச்சு. யாரும் அதை உள்ள கூட்டிட்டுப் போகல. நானும் கூட்டிட்டுப் போகல, அது இன்னும் எனக்கு உறுத்துது.

அப்புறம் கேஸு, வாய்தா வாய்தான்னு ரெண்டு வருஷம். மாசம் ரெண்டு தடவை கோர்ட்டு வராண்டால பிள்ளையைப் பாக்கலாம்னு உத்தரவு, ஒரு மணி நேரம். நான் டப்பால சீப்புச்சீடை கொண்டு போவேன். பேத்தி ஒண்ணை எடுத்து கையில வச்சுக்கிட்டு அவ அம்மா நிக்கிற பக்கம் பாக்கும், திங்கலாமா வேணாமான்னு. ஒருநாள் திங்காமயே கையில வச்சு நசுக்கி, தூளெல்லாம் பாவாடைல கொட்டிக் கிடந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு சோறு இறங்கல.

முதல் வருஷமே சமரசத்துக்குப் போகலாமான்னு எங்க வக்கீல்கிட்ட கேட்டோம். அங்க போனா நம்ம கேஸ் வீக் ஆயிடும்னு சொல்லிட்டாரு, நாங்களும் நம்பிட்டோம். அது தப்புங்க. அங்க பேசுறதை கோர்ட்டுல சாட்சியா யாரும் எடுத்து நீட்ட முடியாது, ஒத்து வரலன்னா கேஸ் விட்ட இடத்துலேருந்து நடக்கும், கோர்ட்டு மையத்துல பீஸும் கிடையாது. சென்னை ஹைகோர்ட்டுல 2005லயே இந்த மையம் ஆரம்பிச்சாச்சு, இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு. சமரசம்னா சேர்ந்து வாழச் சொல்லி புத்தி சொல்லுவாங்கன்னு நினைச்சுத்தான் மருமகளும் முதல்ல வரமாட்டேன்னு சொல்லுச்சு. சேரணும்னா சேரலாம், பிரியணும்னா எப்படிப் பிரியிறதுன்னு பேசி முடிக்கவும் அதே இடம் தான்.

கடைசில ஜட்ஜே அனுப்பி வச்சாரு. அஞ்சு தடவை உக்காந்தாங்க. உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, மகனும் சொல்லல, வெளிய சொல்லக்கூடாதாம். ஆனா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்த பேப்பரைப் படிச்சேன். பள்ளிக்கூட நாள்ல அம்மாகிட்ட, லீவுல பாதி இங்க. செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி ஏழு மணிக்கு வீடியோ கால். ஸ்கூல் பீஸ் ஆளுக்குப் பாதி. காய்ச்சல்னா அன்னைக்கே அடுத்தவங்களுக்குச் சொல்லணும். ஸ்கூல் மாத்தணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அதுக்குக் கீழ ஒரு வரி, பிள்ளையார் நோன்புக்கு ஒரு வருஷம் காரைக்குடி, ஒரு வருஷம் தேவகோட்டைன்னு. நகரத்தார் வீட்டுல அன்னைக்குப் பிள்ளைங்க இழை எடுத்துக்கிறது, அதாவது நூல் திரி ஏத்தின மாவை வாங்கிச் சாப்பிடுறது, எவ்வளவு பெருசுன்னு நம்ம பக்கத்து ஆளுக்குத் தெரியும். மனுவுலயும் எதிர்மனுவுலயும் இதை யாரு எழுதப் போறா, ஜட்ஜு எப்படி இதுக்கு உத்தரவு போடுவாரு? கல்யாணத்தன்னைக்கு ரெண்டு வீட்டாரும் இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதுறோம்ல, பிரியும்போதும் அப்படி பதமா ஒண்ணு எழுத முடியும்னு அன்னைக்குத் தான் பாத்தேன்.

அப்புறம் பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து முடிஞ்சுது. ஜீவனாம்சம், பிள்ளை விஷயம் எல்லாம் பேசித் தீர்த்திருந்தா, மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கிறதைக் கூட கோர்ட்டு தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்குன்னும் அப்பத் தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஒண்ணு மட்டும். அடி உதை நடக்கிற வீட்டுப் பொண்ணை சமரசம் சமரசம்னு யாரும் நெருக்கக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு முதல்ல பாதுகாப்பு வேணும், வக்கீலுக்குக் காசில்லன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் தருவாங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எல்லாம் பாக்கிறது இல்ல.

பேசி முடிக்க உக்காருற பெரியவங்களுக்குச் சொல்றேன், நகைக் கணக்கை எடுக்கிறதுக்கு முன்னால பிள்ளையை அந்த இடத்தை விட்டுக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் பிள்ளை எங்க இருக்கும் எப்படி இருக்கும்ங்கிறதை முதல்ல பேசுங்க. உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள், சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து ஜனங்க சமரசத்துக்கு எந்த கோர்ட்டுல, எந்த நேரத்துல, யாரைப் போய்ப் பாக்கணும்னு விசாரிச்சு கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு அப்பத்தா,
காரைக்குடி