லூர் செதுக்கும் குமரித் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

முட்டம் பாறையிலும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்திலும் மணக்குடியிலும் நின்று தூண்டில் வீசுகிற உங்களில் பலர் இப்போது கடையில் விற்கும் லூரை (மீன்போலச் செய்த பொய் இரையை) விட்டுவிட்டு வீட்டிலேயே மரத்தில் செதுக்குகிறீர்கள். சாளையின் வயிற்று வளைவு, செவுள் கோடு, கண் எல்லாம் அப்படியே வருகிறது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம். ஆனால் அத்தனை பாடுபட்டுச் செய்தது ஒரு மாதம்கூடத் தாங்காமல் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தம்பி தன் லூரைக் கொண்டுவந்து காட்டினார். மலைவேம்புக் கட்டையில் செதுக்கியது, நாலு அங்குலம் இருக்கும். முதுகில் நீலம், பக்கத்தில் வெள்ளி, அருமையான வேலை. வயிற்றுக் கொக்கி மாட்டியிருந்த வளையத் திருகைச் சுற்றி மட்டும் பெயின்ட் கொப்புளம்போல எழும்பியிருந்தது. "பெயின்ட் மட்டமாண்ணே?" என்று கேட்டார். அவரிடம் கேட்டுக்கொண்டு அதை நீளவாக்கில் அறுத்தேன். முதுகுப் பக்கம் மரம் வெளுப்பாக, காய்ந்துதான் இருந்தது. திருகைச் சுற்றி மட்டும் கறுத்து, ஈரமாக, அந்தக் கறுப்பு நார் போன போக்கிலேயே வாலை நோக்கி ஒரு அங்குலம் ஓடியிருந்தது. பெயின்ட் மேல் ஒரு குறையும் இல்லை. சீலர் (மரத்துக்குள் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் அடிப்பூச்சு) அடித்து, நிறம் கொடுத்து, மேல் பூச்சும் முடித்த பிறகு கடைசியாகத் துளை போட்டுத் திருகை முறுக்கியிருக்கிறார். அந்தத் துளைக்குள் இருந்தது பூச்சுப் படாத வெறும் மரம். கடல் தண்ணீர் நேராக உள்ளே போய்விட்டது. மரம் ஊறினால் வீங்கும். பெயின்ட் அதோடு சேர்ந்து விரியாது, வெடிக்கும்.

ஊறின லூரின் கேடு அழகோடு நிற்பதில்லை. எடை கூடும், நீந்தும் ஆட்டம் மாறும், திருகைப் பிடித்திருக்கும் மரம் இளகும். நல்ல பாரை மீன் ஒன்று இழுத்தால் திருகு கையோடு வந்துவிடும். கொக்கியை வாயில் சுமந்துகொண்டு மீன் போய்விடும். எனக்கே ஒருமுறை அப்படி நடந்தது, இன்றைக்கும் உறுத்துகிறது.

இது நம் கரைக்குப் புதிய விஷயமும் இல்லை. கட்டுமரம் கரையேறினால் கயிற்றுக் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் காயப்போடுவார்கள். ஊறின தடி கனக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மர வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசி வந்தார்கள். (அந்த முந்திரி எண்ணெயை லூருக்குப் பூசிப் பார்க்க வேண்டாம். காய நாளாகும், நிறம் கறுக்கும், கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.)

சரி, என்ன செய்யலாம்? முதலில் வெட்டு, துளை வேலை அத்தனையையும் முடித்துவிடுங்கள். உதடு (லூரின் முன்னால் நீட்டி நிற்கும் தகடு) சொருகும் பிளவு, ஈயம் வைக்கும் குழி, திருகுத் துளைகள் என்று ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது. ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டு, அப்புறம் சீலரைத் தொடுங்கள். பூச்சு துளைக்குள்ளும் போக வேண்டும், ஒரு ஈர்க்குச்சியால் உள்ளே தடவலாம். மூக்கிலும் வாலிலும் நார்முனை வெளியே தெரியும். மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது அந்த முனைகளில்தான், ஆகவே அங்கே இரண்டு பங்கு கவனம் வேண்டும். கடைசியில் திருகை முறுக்கும்போது நூல்புரியில் எப்பாக்ஸியை (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) தடவி முறுக்குங்கள்.

எதைப் பூசுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறீர்கள். மரக்கடையில் கிடைக்கும் என்.சி. சாண்டிங் சீலர் நார்க்குழிகளை அடைக்க நல்லது, சீக்கிரம் காயும், உப்புத்தாளுக்கு நன்றாக இணங்கும். ஆனால் அது கதவுக்கும் மேசைக்கும் செய்யப்பட்டது. தண்ணீரிலேயே கிடக்கும் மரத்துக்கு அது மட்டும் போதாது. சிலர் பைபர் வள்ளம் கட்டும் இடத்திலிருந்து ரெசின் வாங்கிப் பூசி, இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை என்கிறீர்கள். அது பாலியெஸ்டர் ரெசின். காற்றுப் படும் மேற்பரப்பு முழுதாக இறுகாதது அதன் குணம். வள்ளம் கட்டுகிறவர்களுக்கு அடுத்த அடுக்கு ஒட்ட அந்தப் பிசுபிசுப்பு உதவும், கடைசிப் பூச்சில் மெழுகு கலந்து அதைச் சரிசெய்வார்கள். தவிர, மரத்தில் எப்பாக்ஸி அளவுக்கு அது பிடிக்காது.

என் கை பழகியது மெதுவாக இறுகும் எப்பாக்ஸி. ஐந்து நிமிட எப்பாக்ஸி ஒட்டுவதற்குச் சரி, பூசுவதற்கு வேண்டாம். பரப்பி முடிக்கும் முன்பே கட்டியாகிவிடும், சீக்கிரம் மஞ்சளும் பூக்கும். ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். பக்கச் சுவரை வழித்து வழித்து மெதுவாகக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். தோலில் அடிக்கடி பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க இந்த வேலையைத் தொட முடியாது.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசி வெயிலில் வைத்தால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். அந்த வரிசையை மாற்றிப் போடுங்கள். மத்தியானம் பூச்சுப் படாத மரத்தை வெயிலில் சூடாக்கி, சாயங்காலம் நிழலுக்குக் கொண்டுவந்து பூசுங்கள். ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எப்பாக்ஸியை மரம் தானே உறிஞ்சிக்கொள்ளும். முதன்முதலாக இதைச் செய்து, பூசின பளபளப்பு கண்முன்னாலேயே உள்ளே இறங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

நிறத்துக்கு மேல் கடைசிப் பூச்சும் இதே எப்பாக்ஸிதான். ஒழுகாமல் இருக்க லூர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான், அளவெடுத்ததுபோல அமையும். கரண்ட் வேலை தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்கள்.

இன்னொன்று, மழை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. படகு வேலைக்குப் போகிற தம்பிமார் செதுக்க உட்காருவதும் அப்போதுதான், சாரல் விடாமல் பெய்வதும் அப்போதுதான். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் எப்பாக்ஸி மேல் வெள்ளையாக, எண்ணெய்ப் பசைபோல ஒரு படலம் பூக்கும். அதை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே அடுத்த பூச்சு போட வேண்டும், இல்லாவிட்டால் உரிந்துதான் வரும். மழை மாதத்தில் செதுக்குங்கள், தேயுங்கள். பூச்சுக்கு வெயில் தெளியும் நாளுக்குக் காத்திருங்கள். செதுக்க ஒரு வாரம் உட்காருகிறீர்கள், இதற்கும் நாலு நாள் கொடுங்கள்.

நிறம் அடிக்கும் முன் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். சீலர் பூசி நன்றாக இறுகிய லூரை ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைக் கட்டி ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். காலையில் எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நன்றாகக் காயவைத்து, துளைகளையும் மூக்கையும் வாலையும் இன்னொரு தடவை பூசுங்கள். அதே எடை நின்றால் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.

அன்புடன்,
உங்களோடு பாறையில் நிற்கும் ஓர் அண்ணன்