எக்ஸ்எம்ஐ விஷயமாக செல்வாவுக்கு

அன்புள்ள செல்வா,

அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் இங்கே எல்லோருக்கும் பெரிய நிம்மதி. சின்னவனுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு, வீடே அவன் பரீட்சையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சரி, நீ கேட்ட ஏடிஎல் விஷயம்: ஒரு மாடலை இன்னொரு மாடலாக மாற்றும் விதிகளை எழுதும் அந்த மொழியின் கோப்பை, மாடல்களைப் பரிமாற உதவும் எக்ஸ்எம்எல் வடிவமான எக்ஸ்எம்ஐயில் எப்படிச் சேமிப்பது என்பது. ஏடிஎல் கோப்பைப் பார்சரிடம் (உரையைப் படித்துப் பிரிக்கும் நிரல்) கொடுத்தால் திரும்பி வருவதே ஒரு மாடல்தான்: மாட்யூல், அதனடியில் ரூல்களும் ஹெல்பர்களும் (ரூல்களுக்கு உதவும் சின்ன ஃபங்ஷன்கள்), ரூலுக்குள் பைண்டிங்குகள் (ஒரு பண்புக்கு மதிப்பை நிரப்பும் வரிகள்). அதை எக்ஸ்எம்ஐயாக எழுத எக்லிப்ஸின் மாடலிங் நூலகமான ஈஎம்எஃப்பில் ஒரு சேவ் போதும். உனக்கு வருகிற 'டேங்ளிங் ஹெச்ரெஃப்' பிழைக்குக் காரணம், மாடலில் ஏதோ ஒரு கணுவை (உறுப்பை) மற்றொன்று சுட்டுகிறது, ஆனால் அந்தக் கணு மரத்தில் எங்கேயும் தொங்கவிடப்படவில்லை. பிழைச் செய்தியிலேயே அதன் வகை இருக்கும். அதைப் பிடித்து ரிசோர்ஸின் (ஈஎம்எஃப்பில் கோப்புக்கு நிகரான பொருள்) வேரிலாவது சேர்த்துவிடு, சேமிப்பு நடந்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான சிக்கல் அதற்கப்புறம்தான். ஈஎம்எஃப் தானாக எழுதும் சுட்டிகள் இடத்தை வைத்தவை. எலிமெண்ட்ஸ்.3 என்றால் மேலிருந்து நான்காவது, ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. 'கிளாஸ்2டேபிள்' ரூலுக்கு மேலே யாராவது ஒரு ஹெல்பரைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே ஒரு படி இறங்கிவிடும், நேற்றைய கோப்பையும் இன்றையதையும் ஒப்பிட்டால் தொடாத வரிகள்கூட மாறியதாகக் காட்டும். அதற்காக யூயூஐடியை (தானாக உருவாகும் தனித்த அடையாள எண்) இயக்கினால் இன்னும் மோசம், மூல உரையில் ஐடி என்று எதுவும் இல்லாததால் ஒவ்வொரு முறை பார்ஸ் செய்யும்போதும் எல்லாம் புதிதாகப் பிறக்கும்.

அதனால் ஐடியைப் பெயரிலிருந்தே கட்டு: மாட்யூல் பெயர், ரூல் பெயர், அவுட் பேட்டர்னில் (ரூல் உருவாக்கும் பொருள்களைச் சொல்லும் பகுதி) உள்ள மாறியின் பெயர், பைண்டிங் நிரப்பும் பண்பின் பெயர். எக்ஸ்எம்எல் ரிசோர்ஸில் செட்ஐடி என்ற மெத்தட் இதற்குத்தான் இருக்கிறது. ஹெல்பருக்குப் பெயர் மட்டும் போதாது, வேறு வேறு காண்டெக்ஸ்டில் (ஹெல்பர் எந்த வகைக்கு எழுதப்பட்டதோ அது) ஒரே பெயர் வரலாம், எனவே காண்டெக்ஸ்ட் வகையையும் சேர். பைண்டிங்குக்குள் மதிப்பைக் கணக்கிடும் ஓசிஎல் மொழிக் கோவைகளுக்குப் பெயரே கிடையாது. அங்கே மட்டும், பெயருள்ள அருகிலுள்ள தாய்க் கணுவிலிருந்து வரிசை எண்ணைக் கொடு, பாதிப்பு அந்தப் பைண்டிங்கோடு நின்றுவிடும்.

கோப்பைப் பக்கத்து அணிக்கு அனுப்பும்போது ஏடிஎல் மெட்டாமாடலின் (மாடலில் என்னென்ன வகைகள் வரலாம் என்ற வரையறை) ஈகோர் கோப்பையும் கூடவே அனுப்பு. எக்ஸ்எம்ஐ 2014 முதல் ஐஎஸ்ஓ 19509 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கிறது, தரம்தானே, எங்கேயும் திறக்கும் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ரூல் என்றால் என்ன, பைண்டிங் என்றால் என்ன என்று சொல்வது மெட்டாமாடல்தான்.

எக்ஸ்எம்ஐயை மூலமாக வைத்துக்கொண்டு ஏடிஎல் உரையைத் தூக்கிப் போடலாம் என்ற உன் யோசனை மட்டும் வேண்டாம் செல்வா. காற்புள்ளியிலிருந்து காலி வரி வரை நீ கவனமாக அமைத்த உருவம் திரும்பி வராது. எந்த ரூல் எந்த வகையைத் தொடுகிறது என்று தேடவும், ரூல்களையே இன்னொரு டிரான்ஸ்ஃபர்மேஷனால் மாற்றவும் எக்ஸ்எம்ஐ அருமையானது, அதற்கு வைத்துக்கொள்.

அந்தப் பிழைச் செய்தியை முழுதாக ஒட்டி அனுப்பு, எந்தக் கணு என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி