ஆண்டறிக்கை: இந்த ஆண்டு நாமே செய்த வால்யூம்கள்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் கிளைம்பிங் (சுவரும் பாறையும் ஏறும் விளையாட்டு) சங்கம் செய்த பெரிய வேலை ஒன்றுதான், அதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

நம் கூடத்தில் ஏறிப் பழகும் சுவர் தட்டையான பிளைவுட். பிடிகளை எப்படி இடம் மாற்றினாலும் பிள்ளைகள் கையால் இழுத்தே ஏறிப் பழகிவிட்டார்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றி இருப்பதோ சாய்ந்து கிடக்கும் கருங்கல். அங்கே பல இடங்களில் பிடிக்க ஒன்றும் இருக்காது. பாதத்தை நம்பி எடையை வைக்கத் தெரிய வேண்டும். அந்தச் சாய்வைக் கூடத்துக்குள் கொண்டுவரத்தான் வால்யூம்கள், அதாவது சுவரில் போல்ட் போட்டு மாட்டும் பெரிய மரக் கூம்புகள். விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் நாமே செய்தோம்.

முதலில் செய்தது முக்கோணக் கூம்பு. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 60 செ.மீ., நடு உயரம் 10 செ.மீ. அப்படி வைத்தால் மூன்று பலகையும் ஒரே அளவுதான்: அடி 60, உயரம் 20. பலகைகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்பைச் சுமார் 26 டிகிரி சாய்த்து அறுத்தால் இடைவெளி இல்லாமல் உட்காரும். சுவரில் பதியும் விளிம்புக்கு 60 டிகிரி வேண்டும், ஆனால் நம் கட்டிங் மெஷின் 45-க்கு மேல் சாயாது. மீதியை ஆசாரி இழைப்புளியால் சீவினார். சீவுவார், தரையில் கவிழ்த்து வைப்பார், அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார், மறுபடி சீவுவார். பிள்ளைகள் பேச்சில்லாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். அவருக்கு இந்தச் சபையின் நன்றி.

18 மி.மீ. பிளைவுட்டில் மலிவானது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடு அடுக்கில் பொந்து இருந்தால் ஸ்குரூ பிடிக்காது. உள்மூலைகளில் மரக்கட்டை வைத்து, பசையும் ஸ்குரூவும் சேர்த்துப் பூட்டினோம். டீ-நட்டுகளை, அதாவது பிடிகளின் போல்ட்டைத் திருகப் பலகையின் பின்பக்கம் அடிக்கும் நட்டுகளை, அதற்கு முன்பே அடித்துவிட வேண்டும், பிறகு மூலைக்குள் சுத்தியல் போகாது. கடைசியாக, சலித்த மணல் கலந்த பெயின்ட். மணல் பருமனாக இருந்தால் விரல் தோல் கிழியும், ரொம்ப நைசானால் ஷூ வழுக்கும். அதனால் முதலில் துண்டுப் பலகையில் பூசிப் பார்த்தோம்.

மாட்டிய வால்யூமில் பெரியவர்கள் தொங்கிப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு அனுமதி. வாராவாரம் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு எல்லா போல்ட்டையும் இறுக்க வேண்டும். இந்த இரண்டிலும் யாருக்கும் விலக்கு இல்லை.

பலன் கண்கூடு. கை எட்டாமல் பாதியில் இறங்கிவிடும் சின்னப் பிள்ளைகள் இப்போது கூம்பின் சரிவில் கையை விட்டு நிற்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்ந்ததிலிருந்து பெற்றோர் விசாரிப்பும் உண்டு.

அடுத்து ஒரு நீளச் சரிவு செய்ய எண்ணம். மாம்பழ சீசனில் வருகை குறையும், அப்போது மரவேலையை வைத்துக்கொள்ளலாம். அப்புறம், வீடு கட்டி மீந்த நல்ல பிளைவுட் யாரிடமாவது இருந்தால் செயற்குழுவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்