எந்த ஓபராவில் பாடினார் என்று கேட்காதீர்கள்: கச்சேரி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசை அரங்குகளையும் இசை விழாக்களையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாகப் பாடகர்களுக்குப் பியானோ வாசித்து வருகிறேன். ஷூபர்ட், ஷூமான், பிராம்ஸ் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் கவிதைகளுக்கு இசையமைத்து எழுதிய கலைப்பாடல்களுக்கென்றே அமைந்த குரல்கள் சிலவற்றை ஒத்திகை அறையில் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் உங்கள் மேடைவரை வந்து சேரவில்லை. தனிக் கச்சேரி கேட்டு எழுதினால், "எந்த ஓபராவில் பாடியிருக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

ஓபரா என்பது இசை நாடகம். அதில் வேடம் உண்டு, காட்சி உண்டு, பெரிய வாத்தியக் குழு உண்டு. கலைப்பாடலுக்கு ஒரு குரலும் ஒரு பியானோவும்தான். மூன்று நிமிடம் ஒருவராக நின்று பாடிவிட்டு, அடுத்த பாட்டில் வேறொருவராக மாற வேண்டும். ஷூபர்ட் 1827இல் எழுதிய 'விண்டர்ரைசே' (குளிர்காலப் பயணம்) என்ற பாடல் தொகுப்பில் 24 பாடல்கள். பாடி முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். கடைசிப் பாட்டில், பனியில் வெறுங்காலோடு நின்று வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றும் கிழவர் ஒருவர் வருகிறார். என் இடது கை தொடக்கம் முதல் முடிவுவரை ச-ப சுருதியை மட்டும் விடாமல் பிடித்திருக்கும். அதன்மேல் குரல் கிட்டத்தட்ட பேச்சாகவே வர வேண்டும். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இது வேறு வித்தை, ஓபராவுக்குக் கீழ்ப்படி அல்ல.

ஜெர்மன் பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் இதே தொகுப்பை 1948 ஜனவரியில் பெர்லின் வானொலிக்காக முழுதாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது 22. ஓபராவில் அவர் அறிமுகமானது அதே ஆண்டின் பிற்பகுதியில்தான். ஆங்கிலப் பாடகி கேத்லீன் ஃபெரியர் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில்கூடப் பாடினார். 1953இல் 41 வயதில் இறக்கும்வரை ஓபராவில் அவர் ஏற்றவை இரண்டே பாத்திரங்கள். உங்கள் கேள்வியை அன்று கேட்டிருந்தால் இருவருமே வாசலில் நின்றிருப்பார்கள்.

என்னோடு பாடிய ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் ஹூகோ வோல்ஃபின் கலைப்பாடல்களை ஐந்து மாதம் பயின்றார். ஒவ்வொரு ஜெர்மன் சொல்லையும் உச்சரிப்போடும் பொருளோடும் மனதில் ஏற்றினார். தேதிகூடக் குறித்தாகிவிட்டது. அப்புறம் அந்த அரங்கு, பெயர் பெற்ற ஓபரா பாடகர் ஒருவர் கிடைத்ததும் இந்தப் பெண்ணை நீக்கிவிட்டது. உழைத்த மாதங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. இப்போது பாடம் சொல்லிக்கொடுக்கிறார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் ஆரட்டோரியோவில், அதாவது வேடமும் காட்சியும் இல்லாமல் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழங்கும் பெரும்பாலும் சமயக் கதை சார்ந்த இசைப் படைப்பில், தனிக்குரலாகப் பாடுகிறார். இந்தத் துறையில் பலருக்கும் வருமானம் அப்படித்தான். ஆனால் அந்த வோல்ஃப் பாடல்களை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

டிக்கெட் விற்க வேண்டும் என்பீர்கள். சரி, பெரிய அரங்கு வேண்டாம். கலைப்பாடலுக்குப் பெயர் பெற்ற லண்டன் விக்மோர் ஹாலிலேயே ஏறத்தாழ 550 இருக்கைகள்தான். உங்களிடம் உள்ள சிறிய கூடம் போதும். மூன்று நான்கு அரங்குகள் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியை அடுத்தடுத்து வைத்தால், மாதக்கணக்கில் பயின்றது ஒரே மாலையோடு போகாது. பாடல் வரிகளை மொழிபெயர்ப்போடு அச்சிட்டுக் கொடுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பாதிச் சம்பளமாவது உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அடுத்த பருவத்துக்கான பட்டியலை முடிவு செய்யும் முன் ஒருநாள் எங்கள் ஒத்திகைக்கு வாருங்கள். அந்தப் பெண்ணையும் அழைக்கிறேன். அவருக்கு அந்தப் பாடல்கள் இன்னும் மனப்பாடம்.

அன்புடன்,
ஒரு பியானோ கலைஞர்