ரங்கிடோட்டோ ட்ரிப்: ஷூவ ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டு அனுப்புங்க

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு வணக்கம்,

வர்ற சனிக்கிழமை நம்ம தமிழ்ப் பள்ளில வகுப்பு கிடையாது, ஃபெர்ரி ஏறி ரங்கிடோட்டோ தீவுக்குப் போறோம்னு முன்னாடியே சொல்லியிருந்தேன், பர்மிஷன் ஃபார்ம் தராதவங்க வியாழனுக்குள்ள குடுத்துடுங்க. ஆக்லாந்து மிஷன் பே பீச்ல நின்னா எதுத்தாப்லயே தெரியுற எரிமலை தான், ஆனா பெரிய வகுப்புல அங்க போனவங்கல்லாம் கை தூக்குங்கன்னா நாலே கை.

ஃபோன் பண்ணவங்க பாதிப் பேரு கேட்டது ஒண்ணு தான், "டீச்சர், 2019ல வெடிச்சுதே, 22 பேரு செத்தாங்களே, அந்த மாதிரி தீவா?" இல்லீங்க. அது ஃபக்காரி, பே ஆஃப் பிளென்டி பக்கம், எப்பவும் புகைஞ்சுட்டே இருக்குறது. ரங்கிடோட்டோ சுமார் 600 வருஷம் முன்னாடி கடலுக்குள்ளேருந்து எழும்புனது, ஆக்லாந்துல இருக்குற 50 சொச்ச எரிமலைல இது தான் கடைசிப் புள்ள. இங்க இனிமே ஏதாவது வெடிச்சா அது புதுசா வேற இடத்துல தான் வரும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அதனால அந்தக் கவலைய விட்டுட்டு ஷூவப் பாருங்க.

நெஜமாத்தான் சொல்றேன், ஷூ தான் முக்கியம். எலி, பூனை, முயல் எல்லாத்தையும் ஒழிச்சு 2011ல தான் அந்தத் தீவையும் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்குற மோட்டுட்டாப்புவையும் சுத்தம்னு அறிவிச்சாங்க, சேடில்பேக் குருவியெல்லாம் அதுக்கப்புறம் தான் திரும்ப வந்துச்சு. வீட்டுத் தோட்டத்து மண்ணு, விதை, அர்ஜென்டினா எறும்பு, இதுல எது போனாலும் வம்பு. போன தடவை ஃபெர்ரி ஏறுற எடத்துல ஒரு பையன் ஷூவத் திருப்புனா அடில கோடு கோடா இருக்குமே அந்த இடுக்குல புல்லு விதை வரிசையா மாட்டியிருந்துச்சு, ஹேர்பின்ன வச்சு ஒண்ணொண்ணா நோண்டி எடுத்தேன், அதுக்குள்ள பின்னாடி லைன் நீண்டுருச்சு. அதனால வெள்ளிக்கிழமை ராத்திரியே பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சிடுங்க, பேக்க கவுத்து உதறிடுங்க, சாப்பாட்ட இறுக்க மூடுற டப்பால குடுங்க, பாலிதீன் பைல கட்டிக் குடுக்காதீங்க.

தீவுல கடை கிடையாது, மழை பேஞ்சாலும் தண்ணி லாவாப் பாறைக்குள்ள எறங்கிடும், ஒரு ஓடை கூட கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி கண்டிப்பா வேணும். கறுப்புப் பாறை வெயில்ல கொதிக்கும், செருப்பு போட்டு வந்தா கூட்டிட்டுப் போக மாட்டேன், சொல்லிட்டேன். தொப்பி, சன்ஸ்கிரீன், லாவாக் குகைக்குள்ள போக ஒரு டார்ச் (ஃபோன் வேண்டாம், கீழ விழுந்தா பாறை இடுக்குல போயிடும்).

உச்சி 259 மீட்டர், ஏற ஒரு மணி நேரம், மூச்சு வாங்குறவங்க மெதுவா வரலாம், ஒரு டீச்சர் கடைசி ஆளோட தான் நடப்பாங்க. மண்ணே இல்லாத பாறைல போஹுட்டுகாவா மரம் எப்டி வேர் விட்டிருக்குன்னு குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க, உலகத்துலயே பெரிய போஹுட்டுகாவா காடு அது தான். வந்ததும் அதப் பத்தி தமிழ்ல பத்து வரி எழுதணும், இத இப்பவே சொல்லிடாதீங்க, முகம் வாடிடும்.

கடைசி ஃபெர்ரிய விட்டா அங்க தங்க இடம் கிடையாது, தனியா வாட்டர் டாக்சி தான் பிடிக்கணும், அதனால அதுக்கு முந்தின ஃபெர்ரிலயே திரும்பிடுவோம். கூட வர்ற பெற்றோருங்க "ஒரே ஒரு ஃபோட்டோ டீச்சர்"னு உச்சில நின்னுடாதீங்க, பிள்ளைங்கள விட நீங்க தான் லேட் பண்றீங்க.

காலைல 8.30க்கு டவுன்டவுன் ஃபெர்ரி பில்டிங் வாசல்ல நிப்பேன், கைல பிரஷ் இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்