வண்டியை உயர்த்தித் தருபவர்களுக்கு: ஸ்டீயரிங்கையும் சரிசெய்து கொடுங்கள்

சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகத் தொகுப்பு) தயாரிப்பவர்களுக்கும், அதைப் பொருத்தித் தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

கரடுமுரடான பாதைகளுக்கென்றே ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங், முன்பக்கம் லீடிங் ஆர்ம், அதாவது ஆக்சிலிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சேஸியில் மாட்டும் கை. அதை 5 செ.மீ. உயர்த்தினேன். வேலை முடிந்து வெளியே எடுத்த அன்றே ஸ்டீயரிங் கைக்கு அடங்கவில்லை. வேகம் 60 கி.மீ.யைத் தாண்டினால் வண்டி இடமும் வலமும் அலைந்தது. நேர்ச்சாலையில்கூட ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வளைவில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. ஒருநாள் பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்ததுபோல் உதறியது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வேகம் நன்றாகக் குறையும்வரை அந்த உதறல் நிற்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பொருத்திய பட்டறைக்கே போனேன். முதல் முறை ஸ்டீயரிங் டேம்பரை (அதிர்வை அடக்கும் உருளையை) கழற்றிவிட்டு அதைவிடக் கனமானதைப் போட்டார்கள். இரண்டு வாரம் அடங்கியிருந்தது, பிறகு பழையபடியே ஆனது. இரண்டாம் முறை ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பல்சக்கரப் பெட்டியின்) ஸ்க்ரூவை இறுக்கினார்கள். ஸ்டீயரிங் கனத்ததே தவிர அலைச்சல் போகவில்லை. மூன்றாம் முறை, “லிஃப்ட் போட்டா இப்படித்தாங்க இருக்கும், பழகிடும்” என்றார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வர எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை ஜாக்கில் ஏற்றி நானே பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது புரிந்த ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். “ஸ்டீயரிங் லூஸ்” என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைச் சொல்கிறோம். ஒன்று நிஜமான ப்ளே. ஏதோ ஒரு மூட்டிலோ போல்ட்டிலோ தேய்மானமோ இடைவெளியோ இருக்கிறது. மற்றொன்றில் எல்லா மூட்டும் இறுக்கமாகவே இருக்கும். ஆனால் சக்கரத்துக்குத் தானாக நேராகும் குணம் போயிருக்கும். இரண்டாவதை எதை இறுக்கியும் சரிசெய்ய முடியாது.

அந்தக் குணத்தைத் தருவது காஸ்டர் கோணம். சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், டயர் தரையைத் தொடும் இடம் அந்த அச்சுக்கோட்டுக்குப் பின்னால் இழுபடுகிறது. தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் தள்ளத் தள்ளத் தானே நேராவது இப்படிப் பின்னால் இழுபடுவதால்தான். லீடிங் ஆர்ம் உள்ள வண்டியில் சேஸியை மேலே தூக்கினால், ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது. ஆக்சில் அந்த ஆர்மோடு இறுகப் பிடிபட்டிருப்பதால் அதுவும் முன்னோக்கிச் சுழல்கிறது. கணக்கு எளிது. ஆர்மின் நீளம் 85 செ.மீ. என்று வைத்தால், 5 செ.மீ. உயர்த்தும்போது ஏறத்தாழ மூன்றரை டிகிரி போய்விடும். என் வண்டிக்கு இருந்ததே 4 டிகிரிக்குள்தான். சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் நிறுத்தியபோது மிச்சம் அரை டிகிரிகூட இல்லை. பட்டறை மூன்று முறையும் இதை அளக்கவே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

தீர்வு புதிதல்ல. ஆர்மில் துளை நடுவிலிருந்து விலகிய காஸ்டர் புஷ் (மூட்டில் இடும் உறை) போடலாம். ஆர்மின் சேஸி முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் போடலாம். நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம் உள்ள வண்டியில் ஆர்மையே திருத்தலாம். லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு ஆப்பு வடிவத் தகடு போதும். ஆனால் காஸ்டரை மீட்க ஆக்சிலைச் சுழற்றினால் டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் முனை, கீழே போகும். முன் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் அந்த ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கூடி அதிர்வு வரலாம். அதனால் அளவறிந்து செய்ய வேண்டும். இறக்கும் பிராக்கெட்டில் அந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எந்த வழியில் ஆக்சிலைச் சுழற்றினாலும் மூக்கு தாழத்தான் செய்யும்.

இனி நிஜமான ப்ளே. என் வண்டியில் அதுவும் இருந்தது, பேன்ஹார்ட் ராடில். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடித்திருக்கும் கம்பி அது. உயரம் கூடியதும் அந்த ராட் இன்னும் அதிகமாகச் சாய்ந்து, ஆக்சிலைச் சேஸியில் தான் மாட்டியிருக்கும் பக்கமாக இழுத்துவிடும். அதை நடுவுக்குக் கொண்டுவர நீளம் மாற்றக்கூடிய ராட் வேண்டும். என் வண்டியில் பழைய ராடையே நெம்பி மாட்டியிருந்தார்கள். சக்கரங்கள் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். வண்டி தரையில் நின்றதும் ரப்பர் புஷ் முறுகிக்கொண்டது. போல்ட் தளர்ந்து ஆக்சில் பக்கத்து பிராக்கெட்டில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது. உதறல் அங்கிருந்துதான் வந்தது.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டியதில்லை. வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டினால் போதும். இன்னொருவர் கீழே குனிந்து, ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். டை ராட் எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), பிட்மன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து அந்தக் கம்பியை அசைக்கும் கை), பேன்ஹார்ட் ராடின் இரு முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் பதியும் இடம், ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் ப்ளே அங்கேதான். இந்த வேலைக்குக் கால் மணி நேரம் போதும். ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இதெல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் தொட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே பல் தேயும், ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்புவதும் கெடும்.

டேம்பரைப் பற்றி என் முடிவு திடமானது. நல்ல நிலையிலிருக்கும் ஸ்டீயரிங்கில் வரும் சிறு அதிர்ச்சியை அது உள்வாங்கும். கெட்டுப்போன ஸ்டீயரிங்கில் நோயை மறைக்கும், மறைந்திருக்கும் நாட்களில் போல்ட் துளை மேலும் தேயும். உதறலோடு வரும் வண்டிக்கு முதல் மருந்தாக டேம்பரை விற்காதீர்கள்.

கிட் தயாரிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். டிராக் லிங்க்கும் பேன்ஹார்ட் ராடும் ஒரே சாய்வில் இருந்தால்தான் சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டி தானாகத் திரும்பாது. கிட்டில் தாழ்ந்த பிட்மன் ஆர்மை மட்டும் வைத்து, பேன்ஹார்டுக்கான பிராக்கெட்டை விட்டுவிட்டால் இருந்த அந்த ஒரே சாய்வும் போகும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் உள்ள பெட்டியை முழுக் கிட் என்று விற்காதீர்கள். எத்தனை டிகிரி காஸ்டர் குறையும், அதைத் திருத்த என்ன பாகம் வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

பட்டறைக்காரர்களே, நீங்கள் கையில் கிரீஸோடு படும் பாடு எனக்குத் தெரியும். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர்களும் உண்டு, கூடுதல் பாகத்துக்குப் பணம் தர மறுப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் காஸ்டர் திருத்தாமல் லிஃப்ட் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் தாள்களைச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கோணல் ஸ்டீயரிங்கோடு போனால், ஸ்திரக் கட்டுப்பாடு (சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டி, ஓட்டுநர் திருப்புகிறார் என்று நினைத்துத் தானே பிரேக் பிடிக்கக்கூடும். 500 கி.மீ. ஓடியதும் வண்டியைத் திரும்ப வரச்சொல்லி எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனரால்) ஒருமுறை பாருங்கள்.

அடுத்த வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கும்போது, நான்கு சக்கரமும் தரையில் நின்று வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகு பேன்ஹார்ட் போல்ட்டை முறுக்குங்கள்.

இப்படிக்கு,
உயர்த்திய வண்டியில் குடும்பத்தோடு போகும் ஒருவன்